ஈர மண்ணும் ரவியின் பெருவிரலும்

ஈரமான கடல்மண்ணும் துருப்பிடித்த தகரமும் சேர்ந்தால் ஒரு மணம் வரும்... இன்றைக்கும் அது மூக்கில் பட்டால் நான் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில், ரவி வீட்டுக் கிணற்றடியில் நிற்பேன்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. பள்ளிக்கூடத்தின் கடைசிச் சோதனையான ஏ.எல். எடுத்துவிட்டு இருந்த காலம். ரவியும் நானும் ஒரே வகுப்பு, ஒரே வயது, ஒரே ஒல்லி. தடியில் சட்டை கொழுவின மாதிரி இருப்போம்.

அவனுடைய அக்காவின் பிள்ளைப்பேறு சிக்கலாகி, முன்பின் தெரியாத யாரோ கொடுத்த இரத்தம்தான் அவரைக் காப்பாற்றியது.

"நானும் குடுக்க வேணும் மச்சான்," என்று ரவி ஒற்றைக் காலில் நின்றான். நானும் கூடப் போனேன்.

ஆஸ்பத்திரித் தராசில் முதலில் நான் ஏறினேன். இரத்தம் கொடுக்க ஐம்பது கிலோ வேண்டும், முள் ஐம்பதைத் தொடவில்லை. பின்னால் நின்ற ரவி மெல்லத் தன் கால் பெருவிரலைத் தட்டில் வைத்து அழுத்தினான்...

"தம்பி, காலை எடும்," என்றார் நேர்ஸ், திரும்பிக்கூடப் பார்க்காமல். வரிசையே சிரித்தது.

அடுத்து அவன் ஏறினான். அவனுக்கும் அதே கதிதான்.

"முதல்லை வீட்டை போய் வடிவாச் சாப்பிடுங்கோ ராசாமார்."

அன்று பின்னேரமே ரவி வீட்டுக் கிணற்றடியில் பாரம் தூக்கத் தொடங்கினோம். பாரம் வார்க்கலாம் என்றால், சண்டைக் காலம், சீமெந்துக்குத் தடை. அதனால் இரண்டு தகரப் பெயின்ற் வாளிகளில் கடற்கரை ஈரமண்ணை அடைத்து, ஒரு குழாயின் இரு முனையிலும் கட்டினோம். முதல் நாள் முழங்காலுக்கு மேலே வரவில்லை. இரண்டு கிழமையில் தலைக்கு மேலே போனது!

"புயத்தைப் பாரடா! கல்லு மாதிரி!"

நானும் தடவிப் பார்த்து, "ஓமடா!" என்றேன்.

பிள்ளையின் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா எழும்பி வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அட விசரங்களே... வெயிலுக்கு மண் காய்ஞ்சு போச்சு. அதுதான் லேசாக் கிடக்கு!"

இரண்டு வாளிக்கும் தண்ணீர் ஊற்றினார். குழாய் மறுபடியும் முழங்காலோடு நின்றது. நாங்கள் சிரித்த சிரிப்பில் உள்ளே படுத்திருந்த பிள்ளை எழும்பி அழுதது.

அதற்குப் பிறகு தினமும் மண்ணை நனைத்தோம். அக்கா தனக்குக் கிண்டின உழுத்தங்களியில் பாதியை எங்களுக்குத் தந்தார். பிள்ளை பெற்றவளின் பத்தியக் களியை வெட்கமில்லாமல் வழித்து நக்கினோம். மெல்ல மெல்ல ரவியின் சட்டைக் கை இறுகியது. ஒருநாள் போய் இரத்தமும் கொடுத்துவிட்டு வந்தான்! எனக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது.

"அடுத்த முறை நீ. நானும் வாறன்... காலை வைக்க மாட்டன், பயப்பிடாதை."

அந்த அடுத்த முறை வரவேயில்லை. சண்டை ஊரை நெருங்க, மழைக்குள் ஊரே வெளிக்கிட்டு நடந்தது. அந்தச் சனத்துக்குள் ரவி வீட்டாரைத் தவறவிட்டேன். கேட்காத ஆளில்லை... இன்றுவரை ஒரு சேதியும் இல்லை.

இப்போது கனடாவில் இருக்கிறேன். ஜிம்மில் இரும்புத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் எடை எழுதியிருக்கிறது, வெயிலுக்குக் காயாது. டொக்டர் என்னை மெலியச் சொல்கிறார். வருடா வருடம் இரத்தம் கொடுக்கிறேன், என் எடையில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆனாலும் எந்தத் தராசில் ஏறினாலும் ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்ப்பேன்.

முள் தாண்டீட்டுதடா ரவி... ஒருக்கா வந்து காலை வையடா.