கடைசி பெஞ்சிலிருந்து பலகை

உங்கள் ஒன்றாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை உங்களுக்கு நினைவிருக்கும். கடைசி பெஞ்சில், சுவரை ஒட்டி, உட்கார்ந்திருந்தது யார்? அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது, என்ன செய்து பிழைக்கிறது? சொல்ல முடியுமா உங்களால்?

டீச்சராலும் சொல்ல முடியவில்லை. இத்தனைக்கும் முப்பத்து நான்கு வருடம் அதே ஊரில், அதே பள்ளியில், அதே ஒன்றாம் வகுப்பில் பாடம் நடத்தியவர். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடமாகிறது. இப்போது அவரும் அவருடைய அக்காவும் ஒரு மாடி வீட்டில் இரண்டு அறைகளைப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்கிறார்கள். ஜன்னலோரம் டீச்சருக்கு, ரேடியோ அக்காவுக்கு.

இரண்டு வருடமாக டீச்சரின் கண்களில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அது பிடித்துக்கூட இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் தெரு ஒரு வெள்ளை ஆறு. அதில் சைக்கிள்கள் சத்தமில்லாமல் மிதந்து போகும். மாலையில் தெருவிளக்கு ஒவ்வொன்றும் பஞ்சு உருண்டையாக விரியும். போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் ஒரே முகம், அதனால் எல்லாருமே பழைய மாணவர்கள்.

"நல்லாப் படிக்கிறியாப்பா?" என்று ஒருநாள் ஜன்னல் வழியாக அன்போடு கேட்டார்.

"அது எதிர்வீட்டுக்காரரோட சட்டைடி, காயப் போட்டிருக்காங்க," என்றாள் அக்கா. "அவரே படிக்கல, அவர் சட்டையா படிக்கப் போகுது? கண் கெட்ட பிறகு சூரியனைக் கும்பிட்டு என்ன லாபம்? ஞாயித்துக்கிழமை உன் ஸ்கூல்லயே கண் முகாம் போடுறாங்க. போய்க் காட்டு."

போனார். முகாம் நடந்தது அவருடைய பழைய வகுப்பறையிலேயே. கட்டடத்தில் அதுதான் நீளமான அறை. பலகையின் மேல் எழுத்து அட்டையை மாட்டியிருந்தார்கள். பார்வை சோதிக்க வந்தவர்களைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முப்பத்து நான்கு வருடத்தில் அந்த பெஞ்சில் டீச்சர் ஒரு முறையும் உட்கார்ந்ததில்லை. அங்கே நின்று அதட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

"மூணாவது வரியைப் படிங்கம்மா," என்றாள் நர்ஸ்.

"வரியா? எங்கே? பலகையில பால் கொட்டின மாதிரி இருக்கு."

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. கூட்டிப் பெருக்க வந்த பெண், துடைப்பத்தின் மேல் சாய்ந்து நின்றிருந்தாள்.

"எனக்கும் அப்படித்தான் டீச்சர் தெரியும், உங்ககிட்டப் படிச்சப்போ."

"யாரும்மா நீ?"

"தெரியலையா? ஆமைன்னு கூப்புடுவாங்களே. இதே பெஞ்சுதான், இதே மூலைதான். எல்லாருக்குமே பலகை இப்படித்தான் தெரியும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். மத்த பசங்க மட்டும் எப்படித்தான் படிக்கிறாங்களோன்னு ஒரே ஆச்சரியம்!"

டீச்சர் குரல் வந்த பக்கம் திரும்பினார். "ஏன்டி அப்பவே சொல்லல?"

"என்னன்னு சொல்றது டீச்சர்? நல்லாத் தெரியுறது எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே தெரியலைன்னு சொல்லலாம்? எனக்கு அதுதான் பலகை."

அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. நேற்றுப் பெய்த மழையைப் பற்றிப் பேசுவது போலப் பேசினாள். நாற்பது வயது தாண்டித்தான் கண்ணாடி போட்டாளாம். போட்டுக்கொண்டு வெளியே வந்தால் மரத்தில் தனித்தனியாக இலை! அதுவரை மரம் என்றால் பச்சையாக ஒரு குவியல் என்றே நினைத்திருந்தாளாம். டீச்சர் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக 'மந்தம்' என்று எழுதியிருந்ததை, மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா பார்த்துவிட்டு, அதோடு படிப்பை நிறுத்திவிட்டாராம்.

"என் கடைக்குட்டி இப்ப இங்க ஒண்ணாவது படிக்கிறா டீச்சர். புத்தகத்தை மூக்குல ஒட்ட வெச்சுத்தான் பாக்குறா. முன்னாடி உக்கார வைங்கன்னு ஹெட்மாஸ்டர்கிட்டக் கேட்டேன். 'மார்க் வாங்கட்டும், முன்னாடி வரட்டும். இது டீச்சர் வரிசை, நான் மாத்த மாட்டேன்'னுட்டாரு. நாளைக்கு மத்தியானம் மேலாபீஸுக்கு லிஸ்ட் அனுப்புறாங்களாம், படிப்பு வராதுன்னு பின்கட்டு ரூமுல ஒதுக்கி வைக்கப் போற பிள்ளைங்க லிஸ்ட். அதுல இவ பேரும் இருக்கு. அந்த ரூம்ல பலகையே கிடையாது."

டீச்சர் வரிசை! அது அவர் கண்டுபிடித்த முறைதான். மாதக் கடைசியில் ஒரு பரீட்சை. அதிக மதிப்பெண் வாங்கியவர் முதல் பெஞ்சு, குறைந்தவர் கடைசி. சுற்று வட்டாரத்தில் நான்கு பள்ளிக்கூடங்கள் அதைக் காப்பி அடித்தன. ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டு, மைக் வைத்து, அதைத்தான் புகழ்ந்தார்கள். அவர் வாழ்க்கையில் 'இது என்னுடையது' என்று சொல்லிக்கொள்ள வீடு இல்லை, குடும்பம் இல்லை. அந்த வரிசை ஒன்றுதான் இருந்தது.

இரண்டு கண்ணிலும் புரை, அடுத்த வாரம் ஆபரேஷன் என்று எழுதிக் கொடுத்தார்கள். மத்தியானம் ஜன்னலோரம் படுத்திருந்தவருக்குத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. கண்ணுக்குள் ஒரு வகுப்பறை நீண்டுகொண்டே போனது. முப்பத்து நான்கு வருடத்துப் பிள்ளைகளும் அதில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை வெயிலில் இருந்தது. பின்வரிசைகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் போய், கடைசியில் தலைகள் மட்டும், பிறகு அதுவும் இல்லாமல், மூச்சுச் சத்தம் மட்டும். அவர் சாக்பீஸோடு நடந்துகொண்டே இருந்தார். எவ்வளவு நடந்தும் கடைசி பெஞ்சு வரவில்லை.

அந்தப் பனிக்குள்தான் அவருக்கு ஒரு கேள்வி உறைத்தது. மாதக் கடைசியில் மதிப்பெண் இடம் கொடுத்தது, சரி. முதல் நாள் யார் கொடுத்தது? பரீட்சையே வைக்காத அந்த முதல் நாளில் யார் முன்னால் உட்கார்ந்தார்கள், யார் பின்னால்?

மறுநாள் காலை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்.

"ஆபரேஷன் முடிஞ்சு போகக் கூடாதா? ஸ்கூல் என்ன ஓடியா போயிடும்?"

"லிஸ்ட் போயிடும்க்கா."

தலைமையாசிரியர் ஒன்றாம் வகுப்பைத் தன் கையிலேயே வைத்திருந்தார். அவரும் டீச்சரின் மாணவர்தான், ஆமையோடு ஒரே வருடம் படித்தவர், முதல் பெஞ்சு. "வாங்க டீச்சர்! பிள்ளைகளா, எந்திரிங்க. இவங்கதான் நம்ம டீச்சர் வரிசையோட டீச்சர்!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

டீச்சர் நாற்காலியைத் தாண்டி நடந்தார். பெஞ்சுகளைக் கையால் தடவித் தடவிக் கடைசிக்குப் போய், சுவரோரம் இருந்த சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் மோவாயைத் தொட்டது. வகுப்பு கொல்லென்று சிரித்தது. "பாட்டி ஃபெயிலாயிட்டாங்க டோய்!" என்றது ஒரு குரல்.

"ஆமாடா, ஃபெயிலாயிட்டேன்," என்றார் டீச்சர். "இவளை எதுக்குப் பின்கட்டுக்கு அனுப்புறே?"

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை, டீச்சர். இவ அம்மாவும் அப்படித்தானே இருந்தா? ரத்தத்துல இருக்கு. தலையெழுத்து, நாம என்ன பண்ண முடியும்?"

ரத்தம், தலையெழுத்து! வகுப்புக்கு வெளியே சிறுமியின் அம்மா பெருக்குவதை நிறுத்திவிட்டாள். நம் மக்கள் தங்கள் கையால் செய்ததையெல்லாம் தலையில் எழுதிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வதில் கெட்டிக்காரர்கள்.

"பலகையில ஏதாவது எழுதுப்பா. எழுதிட்டு இங்க வந்து உக்காரு."

எழுதினார். டீச்சர் சொன்னால் தட்டுவதெப்படி? சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"கண்ணாடியைக் கழட்டு."

"டீச்சர், அது இல்லாம எனக்கு..."

"தெரியும். கழட்டு. இப்போ படி."

ஐந்து நிமிடத்துக்கு முன் தன் கையால் எழுதியது. நினைவிலிருந்து சொல்லியிருக்கலாம். ஆனால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பலகையைப் பார்த்தவர், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்போ கண்ணாடி போட்டே?"

"எட்டாவதுல."

"அது வரைக்கும் எப்படிப் படிச்சே?"

"முன்னாடி பெஞ்சுலதானே டீச்சர் இருந்தேன், அதனால எல்லாம்..." கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார்.

"ஜவுளிக்கடைக்காரர் பையன். முதல் நாள் உங்கப்பா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாரு, சட்டை பளபளன்னு இருந்துச்சு, முன்னாடி உக்கார வெச்சேன். இவ அம்மாவோட அம்மா காலை வேலையை முடிச்சுட்டு ஓடி வந்தா. அதுக்குள்ள மிச்சமிருந்தது கடைசி பெஞ்சு. முதல் மாசப் பரீட்சையில நீ பலகையைப் பாத்து எழுதினே, இவ அம்மா பாக்க முடியாம எழுதினா. அப்புறம் நான் மார்க்கைப் பாத்து உக்கார வெச்சேன். ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணுப்பா. வித்தியாசம் இந்த அறையோட நீளம்தான்."

பிறகு கதவுப் பக்கம் திரும்பினார். அங்கே இருந்தது ஒரு நிழல் மட்டுமே. "தப்புப் பண்ணிட்டேம்மா. என் பேரைச் சொல்லிச் சொல்லி அதையே இன்னும் பண்றாங்க."

மன்னிப்பு அவ்வளவு மலிவாகக் கிடைத்துவிடவில்லை. "எனக்கு இப்ப மார்க் எதுக்கு டீச்சர்? போனது போயிடுச்சு," என்றாள் அவள். "இவளை முன்னாடி உக்கார வைங்க. போதும்."

சிறுமி எழுந்து போகும் காலடிச் சத்தம் டீச்சருக்குக் கேட்டது. ஒவ்வொரு பெஞ்சாகத் தாண்டி, பனியை விட்டு வெளியே நடக்கிற சத்தம். முன்னால் போய் நின்றது. பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தும் மேகத்திலிருந்து இறங்கி வந்து அறிமுகம் செய்துகொள்வது போல:

"மழை... வந்தது. குடை... இல்லை."

டீச்சரின் கண்ணுக்குப் பலகையும் தெரியவில்லை, பிள்ளையும் தெரியவில்லை. அந்தக் குரல் மட்டும், வாழ்க்கையில் இதுவரை எதுவும் தெரிந்திராத அளவுக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

தலைமையாசிரியர் லிஸ்டைக் கிழித்தெறிந்துவிடவில்லை. மனிதர்கள் ஒரே காலையில் அப்படி மாறுவதில்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஒரு பெயரை அடித்தார். பேனாவை மூடப் போனவர், மற்றப் பெயர்களையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, காகிதத்தை மடித்துத் திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டார். "முதல்ல எல்லாருக்கும் கண்ணைப் பாத்துடலாம் டீச்சர்," என்றார். டீச்சர் வரிசை அந்த மாதத்தோடு ஒழிந்தது. இப்போது வாரா வாரம் கடைசி பெஞ்சு முன்னால் வருகிறது; கண்ணாடி போட்ட அந்தச் சிறுமி உட்பட எல்லாரும் சுற்றி வருகிறார்கள்.

ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்ததும் டீச்சர் முதலில் பார்த்தது அக்காவின் முகத்தை. "அக்கா, உனக்கு எப்போ இவ்வளவு சுருக்கம் விழுந்துச்சு?"

"கட்டுப் பிரிச்சதும் வம்பா? மறுபடியும் கட்டச் சொல்லட்டுமா?"

ஜன்னலுக்கு வெளியே தெரு, தெருவாகவே இருந்தது. மரத்தில் தனித்தனியாக இலைகள். பனி போனதில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது அவருக்கு. நல்ல டீச்சர் என்று தன்னை நம்பியிருந்த நாட்களெல்லாம் அந்தப் பனிக்குள்தான் இருந்தன.

உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. இந்த வாரமே உங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். பிள்ளை உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. கேட்டால், கண் இருக்கிற குடிமகன் என்று சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில், முழங்கால் மோவாயைத் தொட உட்காருங்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் பலகையைக் காட்டி ஒரே ஒரு வரி படிக்கச் சொல்லுங்கள். படிக்காவிட்டால், தயவு செய்து, முதலில் பெஞ்சை நகர்த்துங்கள்.