மூன்று பல்லும் எலி கடித்ததும்

பேராச்சியின் அடையாள அட்டையில் இருப்பது இது: "திறனற்ற பணியாளர். பணி: தண்ணீர் ஊற்றுதல்." செம்பூர்க் கல்லூரி ஒன்றின் ஆர்க்கிட் குடிலுக்கு அவரை அனுப்பிய காண்டிராக்டர் தந்த அட்டை. அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் அவர் தாராவியில் பிளாஸ்டிக் கழிவு பிரித்தவர். துண்டை (அங்கே அதற்குப் பெயர் 'மால்') வளைத்து, சுண்டி, சத்தம் கேட்டு, எந்தக் குவியலுக்குப் போகும் என்று சொல்ல வேண்டும். அதில் என்ன திறன் இருந்துவிடப் போகிறது!

ஜனவரியில் ஆய்வுக் குழு வருகிறதென்று குடிலுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்டர்கள் மிகவும் பொறுப்பானவர்கள். பெயர் அட்டைகளில் பெயிண்ட் படக்கூடாதென்று ஒரு வரிசை முழுக்கக் கழற்றி, பக்கெட்டில் பத்திரமாகப் போட்டு வைத்தார்கள்.

குடிலின் பொறுப்பாளர் பேராசிரியர் வெங்கடேஷ், மாட்டுங்காக்காரர், பக்கெட்டைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். பத்தொன்பது அட்டை வாண்டா, பன்னிரண்டு நரிவால்; இரண்டும் ஆர்க்கிட் வகைகள். முப்பத்தொரு செடிக்கும் வார் போன்ற இலை. ஒன்றிலும் பூ இல்லை. பெயரில்லாத செடி குடிலில் இருக்கக்கூடாது என்பது விதி. எழுதியவரும் அவரே.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் உரக்குழியில போட்டுடுங்கோ பேராச்சி."

"நாலு வருசமா தண்ணி ஊத்துதேன் சார். குழியில போடவா ஊத்துனேன்? நான் பிரிச்சுத் தாரேன்."

"பூ இல்லாம நானே சொல்ல மாட்டேன்."

"நீங்க பூவப் பாத்துப் படிச்சிருக்கிய. எனக்கு வருசம் முச்சூடும் இலதான சார் மால்."

இரண்டு நாள், கண்ணை மூடிக்கொண்டு இலை நுனிகளைத் தடவினார். ஒடுங்கி மடிந்த இலை, நுனியில் மூன்று பல்: வாண்டா, சிவப்பு நூல். அகன்று தடித்த இலை, நுனி எலி கடித்த மாதிரி: நரிவால், வெள்ளை நூல். எண்ணினால் சிவப்பு இருபது, வெள்ளை பதினொன்று.

விதி எழுதியவர் குரலைத் தணித்தார். "ஒண்ணுதானே. ஏதாவது ஒண்ணுல நூலை மாத்திடுங்கோளேன்."

"எண்ணிக்கைக்காக மால் குவியல மாத்திப் போட்டா எங்க தாராவிக் கம்பவுண்டுல அன்னைக்கே வெளிய போன்னுருவான் சார்."

முதல் தொட்டியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். இருபத்தாறாவதில் கை நின்றது. நத்தை ஒன்று, இலை ஒடுங்கி வளர்ந்த ஒரு நரிவாலின் நுனிகளைப் பல் பல்லாகக் கடித்து வைத்திருந்தது. உச்சியில், நத்தை எட்டாத குருத்திலை மட்டும் எலி கடித்த நுனியோடு உண்மை சொன்னது.

"களவாணி," என்று நத்தையைத் திட்டிவிட்டு, சிவப்பை அவிழ்த்து வெள்ளையைக் கட்டினார்.

வெள்ளிக்கிழமை உரக்குழிக்கு எதுவும் போகவில்லை. மே மாதத்துக்குள் எல்லாம் பூத்துவிட்டன. பேராச்சி முப்பத்தொரு செடிகளையும் பூ இல்லாமலே சரியாகப் பிரித்திருந்தார்.