மணிலாக் கொட்டகைக்குள் ஒரு விமானம்

1. வாசல்

கொட்டகை வாசலின் அகலம் இருபத்து நான்கு அடி. விமானத்தின் இறக்கை, இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை முப்பத்தைந்து அடி. நானே இரண்டு தடவை டேப் பிடித்து அளந்தேன். கேப்டன் ராமநாதன் என்னை நம்பாமல் தானும் ஒரு தடவை அளந்தார். வாசல் அகலமாகவில்லை.

அறுபதுகளில் ஓர் ஐப்பசி மாதம். நான் மதராஸில் ஒரு ஃபிளையிங் கிளப்பில் மெக்கானிக் வேலை பழகிவிட்டு, கேப்டனிடம் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவர் விமானப் படையிலிருந்து விலகி, சொந்தமாக ஒரு சின்ன விமானம் வாங்கி, வயல்களுக்குப் பூச்சி மருந்து தெளிக்கும் தொழில் செய்துவந்தார். என் சொந்த ஊர் செஞ்சிக்குப் பக்கத்திலுள்ள அனந்தபுரம் என்பதால், அந்தப் பக்கத்து வேலை வந்தபோது என்னையும் அழைத்து வந்தார். கரும்புக்கும் சம்பா நெல்லுக்கும் தெளிப்பு. செஞ்சிக்கு வெளியே திண்டிவனம் ரோட்டோரம் ஒரு மேய்க்கால் நிலத்தைச் சமன் செய்து, அதையே ஓடுதளமாக வைத்திருந்தோம். நிலத்தை ஒட்டி கோவிந்தசாமி என்பவருடைய மணிலா உடைக்கும் மில்லும் அதன் கொட்டகையும். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மணிலா என்று பெயர், பேச்சில் மல்லாட்டை.

புயல் வருகிறதென்று காலையில் ரேடியோவில் சொன்னார்கள். வழக்கமாக இருந்தால் கேப்டன் விமானத்தை எடுத்துக்கொண்டு கடலை விட்டுத் தள்ளி மேற்கே பறந்திருப்பார். ஆனால் என்ஜினில் ஒரு சிலிண்டரைக் கழற்றி ரிப்பேருக்கு மதராஸ் அனுப்பியிருந்தோம். இறக்கைகளைக் கழற்றலாம் என்றால் அதற்கு லைசென்ஸ் உள்ள என்ஜினியர் வேண்டும், அவரும் சிலிண்டரோடு போயிருந்தார். வெளியே முளை அடித்துக் கட்டிவைக்கலாம். ஆனால் அது துணி போர்த்திய விமானம். செஞ்சியில் மூன்று மலைக்கும் நடுவே புகுந்து வரும் காற்று நேராக வீசாது, சுழற்றி அடிக்கும். கயிறு நின்றாலும் துணி நிற்காது. மிச்சமிருந்தது மில் கொட்டகைதான்.

பாதி உள்ளே, பாதி வெளியே என்று விடவும் முடியாது. கதவைச் சாத்தாவிட்டால் காற்று உள்ளே புகுந்து கொட்டகையின் கூரையையே தூக்கிவிடும். முழுதாக உள்ளே போக வேண்டும், கதவு மூட வேண்டும்.

கிளப்பில் விமானங்களை நிறுத்தும் நெரிசலான ஹாங்கரில் ஒரு வித்தையைப் பார்த்திருந்தேன். விமானத்தை நேராகத் தள்ளாமல் பக்கவாட்டில் நகர்த்துவது. மூக்கிலிருந்து வால் வரை அது இருபத்திரண்டரை அடிதான். ஒரு இறக்கையை முதலில் உள்ளே நுழைத்து, பிறகு உடம்பைப் பக்கவாட்டில் இழுத்து, கடைசியில் மறு இறக்கையைக் கொண்டுபோனால் வாசல் போதும். சக்கரம் பக்கவாட்டில் உருளாது. ஆகவே சக்கரத்துக்கு அடியில் கிரீஸ் பூசிய தகரம் போட்டுச் சறுக்க வேண்டும். மில் களம் வழவழப்பான சிமெண்டு. கொட்டகைக்குள்ளும் சிமெண்டுத் தரை.

கேப்டனிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, தகரம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். மில்லில் காலி எண்ணெய் டின்கள் நிறைய இருந்தன. வெட்டி விரித்தோம்.

2. கன்னியம்மா

கொட்டகை காலியாக இல்லை. அறுவடைக் காலம். சுற்று ஊர்க்காரர்கள் கொண்டுவந்த மணிலா மூட்டைகள் சுவரோரமாக ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தன. எங்கள் விமானத்துக்கு இறக்கை மேலே. தரையிலிருந்து ஆறரை அடி உயரம். மூட்டை அடுக்குகள் அதைவிட உயரம்.

கோவிந்தசாமிக்குக் கேப்டன் மேல் மிகுந்த மரியாதை. மூட்டைகளை எல்லாம் வெளியே எடுத்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம் என்று ஆட்களைக் கூப்பிட்டார். இந்தக் காற்றில் தார்ப்பாய் எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவருக்கும் தெரியும். மூட்டைக்காரர்கள் நான்கைந்து பேர் அங்கேயே இருந்தார்கள், எடைக்கு முறை வரட்டும் என்று காத்திருந்தவர்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தளவானூரிலிருந்து வந்த கன்னியம்மா என்பவர் மட்டும் போய்த் தன் மூட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டார். நாற்பது வயது இருக்கும். சொந்தமாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“மொதலாளி, இதுல பாதி வெதக்கொட்ட. நனஞ்சா மொளச்சிடும். நான் எடுக்க மாட்டேன்” என்றார்.

கோவிந்தசாமி சத்தம் போட்டார். கேப்டன் அவரைத் தடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். மூட்டைகளை வெளியே எடுக்கத் தேவையில்லை, உயரத்தைக் குறைத்துப் பரவலாக அடுக்கினால் இறக்கை மேலே போய்விடும் என்றேன். கூடவே, மூட்டைகளோடு சேர்த்து விமானத்தைக் கயிற்றால் கட்டினால் அதற்கும் பாரம் கிடைக்கும். எல்லோருக்கும் இது சம்மதமாக இருந்தது. கன்னியம்மாவும் எழுந்தார். எழுந்தவர் நேராக விமானத்துக்கு அருகே வந்து, இறக்கைக்கு அடியில் குறுக்கே ஓடிய தெளிப்புக் குழாயை அண்ணாந்து பார்த்தார்.

“இது எங்க மூட்டைக்கு மேல வந்து நிக்குமா?”

நிற்கும் என்றேன்.

“இதுலருந்து மருந்து சொட்டாதா?”

கேள்வி என்னிடம் வந்தாலும் கேப்டன்தான் பதில் சொன்னார். “சொட்டாதும்மா. வால்வு மூடியிருக்கு.”

வால்வு மூடியிருந்தது உண்மை. ஆனால் குழாய்க்குள் தங்கிய மருந்து தங்கியபடியே இருந்தது. மூன்று நாசில்களில் வாஷர் தேய்ந்துபோய், நிறுத்திவைத்த இடத்தில் எல்லாம் கசிந்துகொண்டிருந்தது. வேறு வாஷர் கேட்டு நான் அவரிடம் சொல்லியும் இருந்தேன். அந்த நாட்களில் நாங்கள் தெளித்துவந்த மருந்தின் டின்னில் மண்டை ஓட்டுப் படம் போட்டிருக்கும்.

கிழக்கே வானம் கறுத்திருந்தது. களத்தில் தூசி கிளம்ப ஆரம்பித்திருந்தது. இந்த விமானம் போனால் கேப்டனுக்கு வேறு விமானம் இல்லை, எனக்கு வேறு வேலை இல்லை. இது எல்லாம் அந்த நிமிஷத்தில் என் மனதில் ஓடியது.

“சொட்டும் சார்” என்றேன்.

கேப்டன் திரும்பினார். எல்லோரும் கேட்கிற மாதிரிதான் சொல்லியிருந்தேன், திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. “குழாய மொத்தமா கழட்டிடலாம் சார். டேங்க்கயும் வடிச்சிடலாம்.”

“சவரி, மேல பாத்தியா? இதுக்கெல்லாம் டயம் இருக்கா?”

நான் பதில் சொல்வதற்குள் கன்னியம்மா பேசினார். கோபமில்லாத குரல்.

“ஐயா, இத எங்க ஊட்டுப் பசங்க பச்சையாவே தின்னும். கொட்டாயிலருந்து எடுத்துப் போயி அப்பிடியே வாயில போடும்.”

கேப்டன் கொஞ்ச நேரம் கையிலிருந்த டேப்பைச் சுருட்டினார். பிறகு, “கழட்டு” என்றார். சொல்லிவிட்டு அவரே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வலது இறக்கைக்கு அடியில் போனார்.

டேங்க்கில் இருந்த மருந்தை டிரம்மில் பிடித்து மூடினோம். டேங்க்கைக் கழுவிய தண்ணீரை எங்கே கொட்டுவது என்று கேட்டேன். கிணற்றுப் பக்கம் வேண்டாம் என்று மூட்டைக்காரர் ஒருவர் தூரத்தில் ஒரு பாறைக்குழியைக் காட்டினார். கழற்றிய குழாய்களை ஜீப்பின் பின்னால் போட்டு மூடினோம். இத்தனைக்குள் முதல் தூறல் விழுந்துவிட்டது.

3. சறுக்கல்

சக்கரங்களைத் தூக்கித் தகரத்தில் வைத்தோம். யார் எங்கே கை வைக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் காட்டினேன். துணி மேல் கை வைத்தால் கிழிந்துவிடும். இறக்கையைத் தாங்கும் இரும்புக் கம்பியை மட்டுமே பிடிக்கலாம். வாலுக்கு இரண்டு பேர். கேப்டன் மூக்கருகே நின்று குரல் கொடுத்தார்.

இடது இறக்கை சுலபமாக உள்ளே போயிற்று. தாழ்த்தி அடுக்கிய மூட்டைகளுக்கு மேல் ஒரு முழ இடைவெளியில் நகர்ந்தது. பிறகு உடம்பு. மூக்குக்கும் தூணுக்கும் நடுவே ஒரு சாண்தான் இடம். வால் பக்கமும் அப்படியே. “மெதுவா, மெதுவா” என்று கேப்டன் சொல்லிக்கொண்டே இருந்தார். தகரம் சிமெண்டில் கீச்சிட்டது.

உடம்பு வாசலின் நடுவில் இருக்கும்போது பெருங்காற்று ஒன்று வந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது இறக்கை மேலே எழும்பியது. அந்தப் பக்கத்துச் சக்கரம் தகரத்தை விட்டுக் கிளம்பியதைக் கண்ணால் பார்த்தேன். விமானம் அப்படியே புரண்டிருந்தால் உள்ளே நின்றவர்கள் இடது இறக்கைக்கும் மூட்டைக்கும் நடுவில் மாட்டியிருப்பார்கள். கன்னியம்மாவும் இன்னொருவரும் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். நானும் ஓடிப்போய்த் தொங்கினேன். மூன்று பேர் பாரத்துக்கு இறக்கை இறங்கியது. அந்த உலுக்கலில் வால் தூணில் மோதி, சுக்கானின் துணி அரை அடி கிழிந்தது.

“கிழிஞ்சா கிழியட்டும், இழுங்க” என்றார் கேப்டன்.

இழுத்தோம். முழுதாக உள்ளே வந்தது. கதவைச் சாத்தி உலக்கை போன்ற கட்டையைக் குறுக்கே போட்டோம். சக்கரங்களைச் சுற்றி மூட்டைகளை அடுக்கி, கயிற்றால் சேர்த்துக் கட்டினோம். கன்னியம்மா தன் மூட்டைகளில் விதைக்கொட்டை இல்லாதவற்றைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்.

புயல் வந்தது, அடித்தது, போயிற்று. பின்பக்கத்தில் மூன்று கூரைத் தகடுகள் பறந்துவிட்டன. அந்த மூலையில் இருந்த மூட்டைகள் நனைந்தன, கன்னியம்மாவுடையதும் இரண்டு. வெயில் வந்ததும் களத்தில் கொட்டிக் காயவைத்தார். விமானத்துக்குச் சுக்கானில் கிழிந்த துணியைத் தவிர ஒரு சேதமும் இல்லை.

மறுநாள் ஜீப்பின் பின்பக்கத்தைத் திறந்தபோது நானும் கேப்டனும் மட்டும் இருந்தோம். குழாய்களுக்கு அடியில் பால் போல வெள்ளையாக மருந்து தேங்கியிருந்தது. ஒரு கை அகலத்துக்குக் குட்டையாக நின்றது. கேப்டன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சொட்டும்னு எனக்குத் தெரியும் சவரி. அந்த அம்மா கேட்டப்ப, விமானம்தான் கண்ணுல நின்னுது.”

நான் ஒரு குச்சியில் கிழிந்த சாக்கைச் சுற்றி மருந்தைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“இன்னொரு தடவ நான் அப்பிடிச் சொன்னாலும் நீ நேத்து சொன்ன மாதிரியே சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி.”

அவரோடு பல வருஷம் வேலை செய்தேன். அதற்குப் பிறகு பெரிய ஹாங்கர்களிலும் செய்தேன். இப்போது அங்கே வேலைக்குச் சேரும் பிள்ளைகள், நெரிசலான இடத்தில் விமானத்தை எப்படி நுழைப்பது என்று என்னிடம் கேட்பதுண்டு. டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள், துணியில் கை வைக்காதீர்கள், காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள் என்று சொல்வேன். அது எல்லாம் செய்த பிறகு, அந்த இடத்தில் ஏற்கெனவே பொருள் வைத்திருக்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றும் சொல்வேன். உங்கள் விமானத்தால் அவர்களுக்கு என்ன ஆகும் என்பதை உங்களைவிட அவர்கள்தான் முதலில் யோசித்திருப்பார்கள்.