காஞ்ச காய்க்கு என்ன அவசரம்? – மங்கை அக்கா நினைவாக

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மங்கை அக்காவுக்குக் கஞ்சி வைத்தேன். தேனி மருத்துவமனையில் இருந்தவருக்கு வேறெதுவும் இறங்கவில்லை. கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றும்போது அவர் கணவர் போனில் அழைத்தார். "இனிமே கொண்டார வேணாம் தாயி" என்றார். நான் வாளியை இறுக்கி மூடினேன். யாருக்காக மூடினேன் என்று தெரியவில்லை.

போடிக் கல்லூரியில் அவரிடம் பொருளாதாரம் படித்தவர்களுக்கு அவர் குரல் மறந்திருக்காது. நான் அங்கே வணிகவியல் நடத்தினேன். ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது.

எங்கள் பக்கம் விமான நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியபோது, ஏலக்காய் பிளேனில் போகும், சுற்றுலாக்காரர்கள் வருவார்கள் என்று ஊரே பூரித்தது. ராசிங்காபுரத்தில் அப்பா எனக்கும் தம்பிக்கும் விட்டுப்போன தோட்டமும் அதற்குள் போகும் என்றார்கள். மங்கை அக்கா தன் மாணவிகளை ஏலக்காய்க் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். நானும் உடன் போனேன். மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரியைக் காட்டி, "இது இப்படியே போயி கப்பல் ஏறுது. காஞ்ச காய்க்கு என்ன அவசரம்?" என்றார். "பிளேன்ல வர்றவன் எவ்வளவு செலவழிப்பான்னு கேக்காதீங்க. நம்ம ஊருல எவ்வளவு நேரம் நிப்பான்னு கேளுங்க. எறங்குனதும் ஜீப்பப் புடிச்சு மூணாறுக்குப் போயிட்டான்னா நமக்கு மிச்சம் சத்தந்தான்."

என் தம்பி செல்வத்துக்கு இது பிடிக்காது. நிலம் கொடுத்து வரும் பணத்தில் மெயின் ரோட்டில் லாட்ஜ் கட்டுவது அவன் கனவு. ஒருநாள் எங்கள் வீட்டில் அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "டீச்சர், உங்க மக கனடாவுக்கு மாட்டுவண்டியிலயா போச்சு?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். அக்காதான் அதிகம் சிரித்தார். "போறதுக்குப் பிளேனு இருக்கு அப்பு. திரும்பி வர்றதுக்குத்தான் இல்ல" என்றார். சிரிப்பு அடங்கியதும் இலையை மூடிவிட்டார். சோறு பாதி இருந்தது.

அக்கா இறந்த அன்று இருட்டிய பிறகுதான் அவர் மகள் நிவேதா கனடாவிலிருந்து கிளம்பிவிட்டாள் என்று தகவல் வந்தது. ஓர் இரவு காத்திருந்தோம். அதற்கு மேல் வைத்திருக்கப் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. காய்ந்த காய்க்கு இல்லாத அவசரம் உடலுக்கு இருந்தது. எங்கள் பக்கம் தாயைக் குளிப்பாட்டும் தண்ணீரை மகள்தான் குடத்தில் சுமந்து வர வேண்டும். நீர்மாலை என்போம். குடத்தைப் பார்த்தபடி எல்லோரும் நின்றார்கள். அவர் கணவர் என்னைப் பார்த்தார். அக்காவின் வீடும் ராசிங்காபுரம்தான். விடியும் நேரத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மொண்டு நான் சுமந்து வந்தேன்.

நிவேதா மறுநாள்தான் வந்து சேர்ந்தாள். பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். அழவில்லை.

"சித்தி, தண்ணி ஜில்லுனு இருந்துச்சா? அம்மா பச்சத்தண்ணியில குளிக்கவே மாட்டாங்களே."

"இல்லடி. கெணத்துத் தண்ணி. விடியக்காலம் வெதுவெதுன்னுதான் இருந்துச்சு."

அதற்குப் பிறகுதான் அழுதாள்.

வெளியே வந்ததும் செல்வம் கேட்டான்: "இங்கனயே வந்து எறங்கியிருந்தா மொகத்தப் பாத்திருக்கும்லக்கா?" அவன் கண்ணும் சிவந்திருந்தது. லாட்ஜுக்காகக் கேட்கவில்லை. லீவும் டிக்கெட்டும் கிடைக்கத்தான் நேரமாகிவிட்டது, மதுரையில் பிளேன் இறங்கிய பிறகு சீக்கிரமே வந்துவிட்டேன் என்று நிவேதா பிறகு சொன்னாள். அதைக் கேட்டும் மனம் ஆறவில்லை. காரியம் முடிந்த கையோடு அவளும் கிளம்பிப் போனாள். எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்று அக்கா கேட்டது, வெளியூர்க்காரர்களை மட்டும் நினைத்து இல்லை போலும்.

அக்கா சொன்னதெல்லாம் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். விமானம் வந்து, செல்வத்தின் லாட்ஜ் நிறையவும் செய்யலாம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வியும், தலையில் அன்று கனத்த குடமும்தான்.

தோட்டத்தைக் கொடுக்கச் சம்மதம் என்று கையெழுத்து வாங்க அடுத்த வாரம் செல்வம் வருகிறான். நான் போடப்போவதில்லை. அந்தக் கிணறு இருக்கட்டும். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதென்றால் முதலில் பக்கத்து நாற்காலியிடம்தான் சொல்லியிருப்பேன்.