முப்பத்து நாலாவது துணி

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை, பாசாருக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். டிராலி பஸ் கண்டக்டர் கோவிந்தசாமி வந்து எதிரே உட்கார்ந்தார். வழக்கமாக வந்ததும் வராததுமாக, "என்னண்ணே, இந்த வாரம் யாரு தலைய உருட்டப் போறீங்க?" என்று ஆரம்பிப்பார். அன்று அது இல்லை. காப்பியைத் தட்டில் ஊற்றினார். ஆனால் குடிக்கவில்லை.

"அண்ணே, ஒரு விஷயம் கேக்கணும். பேப்பர்ல எழுதிடாதீங்க."

(எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.)

அவர் குடியிருப்பது சுங்கை பினாங்கில், பலகைச் சுவர் வைத்த வரிசை அறைகளில் ஒன்று. அடுத்த அறையில் ஒரு துறைமுகக் கூலி. மனைவி இறந்து மூன்று மாதம். நாலு வயதில் ஒரு பிள்ளை. காலையில் வேலைக்குப் போகும்போது அந்த மனிதர் பிள்ளையை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போகிறாராம்.

"பூட்டுறது மட்டும்னா பரவால்ல லா. சங்கிலிச் சத்தம் கேக்குதுண்ணே."

"சங்கிலியா?"

"நாய்க்குப் போடுவமே... அது. பலகை இடுக்குல பார்த்தேன். ஒரு முனை கட்டில் கால்ல, ஒரு முனை புள்ள கால்ல. பக்கத்துல தட்டுல சோறு. எறும்பு மொய்ச்சுக் கெடக்கு."

"எத்தன நாளா?"

"மூணு வாரம் இருக்கும்."

"யாருகிட்டயாவது சொன்னீங்களா, தம்பி?"

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். டிப்போவுல சொன்னேன். மச்சான்கிட்ட சொன்னேன். கோயில்ல கூட சொன்னேன்."

"போலீஸ்ல?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அது எப்படிண்ணே? அவன் கெட்டவன் இல்ல. சாயந்திரம் வந்தா புள்ளைய மடியில வெச்சு ஊட்டுறான். போலீஸ்ல சொன்னா அவனப் புடிச்சு உள்ள வெச்சிருவாங்க. அப்புறம் புள்ளைக்கு அந்தச் சோறும் இல்ல. பாவம் யாருக்கு? எனக்குத்தானே? சொல்லலாமா வேணாமா... பேப்பர்ல எழுதுறவரு, நீங்களே சொல்லுங்க."

அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. அவசரமில்ல."

அவசரமில்லை! அந்த ஒரு வார்த்தைதான் இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

கோவிந்தசாமியைக் குறை சொல்லவில்லை. நாம் எல்லாருமே அப்படித்தான். ஊர் முழுக்கச் சொல்வோம் – சொல்ல வேண்டிய ஓர் இடத்தைத் தவிர. ஏன்? போலீஸ் ஸ்டேஷன் என்பது நம்மை இழுத்துக்கொண்டு போகிற இடம். நாமாக நடந்து போகிற இடம் என்று யாரும் நமக்குப் பழக்கவில்லை.

எனக்கும் யாரும் பழக்கவில்லை. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நான் பார்த்த பல தொழில்களில் டோபி வேலையும் ஒன்று. ரப்பர்த் தோட்டத்தை விட்டு ஓடி வந்து, கப்பலில் கரி அள்ளி, ஓட்டலில் பாத்திரம் கழுவி, அதுவும் அலுத்துப்போய், ஆயர் ஈத்தாம் ஆற்றோரத்து டோபி லைனில் போய் நின்றேன். எட்டுக் குடும்பம். அவர்களுக்குத் தலைவர் மாதிரி வீராசாமி அண்ணன். "கை நல்லாருக்கு. வாய் எப்படி?" என்று கேட்டார். புரியாமல் விழித்தேன். அந்தத் தொழிலில் வாய்தான் முக்கியம் என்று பிறகு தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டின் அழுக்குத் துணி ஒருவனுடைய கையில் வாரா வாரம் வருகிறது. எந்த வேஷ்டியில் கள் வாடை, எந்தப் படுக்கை விரிப்பில் என்ன கறை, எந்த வீட்டில் கணவனும் மனைவியும் தனித்தனியாகப் படுக்கிறார்கள் – எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்ததைத் தண்ணீரோடு விட்டுவிட வேண்டும். லைனில் இருந்த ஒரே சட்டம் அது. அந்தச் சட்டத்தை நம்பித்தான் நாற்பது வீடுகள் எங்களுக்குத் துணி போட்டன.

ஜெலுத்தோங் பக்கம் ஒரு கிராணியார் வீடு என் பொறுப்பு. அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். திங்கட்கிழமை துணி எடுக்க வேண்டும், சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பின்வாசலில் துணியை எண்ணிப் போடுவது பாக்கியம் என்ற சிறுமி. எட்டு வயது இருக்கும். கிராணியார் மனைவியின் அக்கா மகள் என்றார்கள். தாய் தகப்பன் இல்லாததால் ஊரிலிருந்து கூட்டி வந்தார்களாம். வீட்டு வேலை முழுக்க அவள்தான்.

பாக்கியத்துக்குப் பத்து வரைக்கும்தான் எண்ணத் தெரியும். பத்தை ஒரு குவியலாக வைப்பாள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். கடைசியில் குவியல்களைப் பார்த்து, "மூணு பத்தும் ஒரு ரெண்டும், எழுதிக்கிங்கண்ணே" என்பாள். நான் நோட்டில் முப்பத்திரண்டு என்று எழுதுவேன். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

"பாக்கியம் எண்ணினா சரியா இருக்கும்ப்பா. நான் அப்படிப் பழக்கி வெச்சிருக்கேன்" என்பார் கிராணியார் மனைவி. நல்ல அம்மாள்தான். வெயிலில் போனால் எனக்கு மோர் கொடுப்பார்.

பாக்கியத்துக்கு இரண்டே சட்டைகள். தங்கள் பிள்ளை மாதிரிதான் என்று காட்டுவதற்கோ என்னவோ, அதையும் வெளுக்கப் போடுவார்கள். ஒரு வாரம் அந்தச் சட்டையின் முதுகில் பழுப்பாக ஒரு கறை. வெற்றிலைக் கறையோ, மாங்காய்ப் பாலோ என்று நினைத்துத் தண்ணீரில் நனைத்தேன். ரத்தம்.

சிரங்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்குச் சிரங்கு வராதா என்ன?

அடுத்த வாரம் மறுபடியும். இந்தத் தடவை கோடு கோடாக. சிரங்கு கோடு போடாது. ரோத்தான் போடும். தோட்டத்தில் பிரம்படி வாங்கியவன் நான். அந்தக் கோட்டை எனக்கு அடையாளம் தெரியும்.

"முதுகுல என்ன, தாயி?" என்று கேட்டேன்.

"விழுந்துட்டேன்."

"எங்க?"

"படியில."

"படியில விழுந்தா இப்படிக் கோடு விழுமா?"

அவள் திரும்பி அடுப்பங்கரையைப் பார்த்தாள். பிறகு, "மூணு பத்தும் ஒரு அஞ்சும்ண்ணே. எழுதிக்கிட்டீங்களா?" என்றாள்.

எழுதிக்கொண்டேன்.

வீராசாமி அண்ணனிடம் சொன்னேன். கல்லில் அடித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணி. உப்புப் போட்டு ஊற வை. சுடுதண்ணி பட்டா போவாது."

"அண்ணே, நான் அதக் கேக்கல."

"தெரியும். அதுக்கு மேல எங்கிட்டக் கேக்காத."

நான் நல்ல வேலைக்காரன். நாலு வாரம் அந்தச் சட்டைகளைக் கறை தெரியாமல் வெளுத்து, நீலம் போட்டு, மடித்துக் கொடுத்தேன். அந்தச் சிறுமி பட்ட அடிக்கு உலகத்தில் வேறு சாட்சி இல்லை. இருந்த ஒரு சாட்சியையும் வாரா வாரம் ஆற்றில் கரைத்தவன் நான்தான். இது உறைக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

ஐந்தாவது திங்கட்கிழமை வந்த சட்டை காய்ந்து விறைத்திருந்தது. அன்றைய எண்ணிக்கை மூன்று பத்தும் ஒரு நாலும். நான் முப்பத்து மூன்றை வெள்ளாவிக்குப் போட்டேன். முப்பத்து நாலாவதைக் காகிதத்தில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்தேன். கிராணியார் பேச்சுக்கு எதிரே டோபி பேச்சு எடுபடுமா? கையில் ஒரு பொருள் வேண்டும். அதுவரைக்கும் சரியாகத்தான் யோசித்தேன்.

அப்புறம்... யோசித்துக்கொண்டே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை: நமக்கேன் வம்பு? புதன்கிழமை மழை – மழை நல்ல சாக்கு. வியாழக்கிழமை: நான் வாயைத் திறந்தால் அந்தத் தெருவே துணியைச் சீனன் லாண்டரிக்கு மாற்றிவிடும், எட்டுக் குடும்பம் என்ன செய்யும்? வெள்ளிக்கிழமை ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனேன். வாசலில் காவல் நின்ற போலீஸ்காரர், மாத்தா மாத்தா, என்னைப் பார்த்தார். நான் என் சட்டையைப் பார்த்தேன். தோளில் கிழிசல். ஊருக்கெல்லாம் இஸ்திரி போடுகிறவனுக்கு ஸ்டேஷனுக்குப் போக ஒரு நல்ல சட்டை இல்லை. நாளைக்கு வரலாம் என்று திரும்பிவிட்டேன்.

நாளைக்கு என்பது சனிக்கிழமை. துணி கொடுக்கிற நாள்.

ஒரு வேலைக்காரச் சிறுமியின் பழைய சட்டையை யார் தேடப் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். கிராணியார் மனைவி எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார்.

"ஒண்ணு குறையுதேப்பா? பாக்கியம் மூணு பத்தும் ஒரு நாலும்னு சொன்னாளே?"

பாக்கியம் கதவோரத்தில் நின்றிருந்தாள்.

என்னிடம் இருக்கிறது, அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆற்றோடு போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். டோபிகள் தினமும் சொல்கிற பொய்தான். ஆனால் எந்தச் சட்டை என்று கேட்பார்களே, சந்தேகம் வந்துவிடுமே என்று பயந்தேன். சாட்சியைக் காப்பாற்றுகிறேனாம்!

"அன்னிக்கு எடுத்ததே முப்பத்து மூணுதாம்மா" என்றேன்.

பாக்கியம் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. மூன்று குவியலையும் அந்த நாலு துணியையும் மனதுக்குள் மறுபடி எண்ணிப் பார்ப்பவள் மாதிரி, உதடு மெதுவாக அசைந்தது.

நான் காலி மூட்டைத் துணியை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை போனபோது பின்வாசலில் அழுக்குத் துணி ஏற்கெனவே மூட்டையாகக் கட்டியிருந்தது. எண்ண ஆள் இல்லை.

"பாக்கியம் எங்கம்மா?"

"காய்ச்சல். நீயே எண்ணிக்க."

நான் எண்ணவில்லை. மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு லைனுக்கு ஓடினேன். பெட்டியைத் திறந்து காகிதச் சுருளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். தோளில் அதே கிழிசல். யாரும் அதைப் பார்க்கவில்லை.

சார்ஜென்ட் மலாய்க்காரர், வயதானவர். சட்டையை மேஜையில் விரித்தார். கோடுகளை விரலால் தொடாமல், மேலேயே விரலை ஓட்டிப் பார்த்தார். எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இது உங்கிட்ட வந்து எத்தனை நாளாச்சு?"

"ஒரு வாரம், துவான்."

அவர் திட்டவில்லை. எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

கிராணியார் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் விறகு போடுகிற இடத்தில் பாக்கியம் கிடந்தாளாம். இடது கை முழங்கைக்குக் கீழே முறிந்திருந்தது. பொய் சொன்னதற்கான தண்டனை என்று கிராணியார் மனைவி சொன்னாராம். துணியை எண்ணியதில் பொய்.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கட்டில் அவளுக்கு ரொம்பப் பெரிதாக இருந்தது. கையில் கட்டு. என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"அண்ணே... மூணு பத்தும் ஒரு நாலும்தானே?"

"ஆமா, தாயி. முப்பத்து நாலுதான்."

"சித்திகிட்ட சொல்லிட்டீங்களா?"

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதாவது சொல்லியிருப்பேன். பொய் எனக்குச் சுலபமாக வந்துகொண்டிருந்த காலம்.

கேஸ் நடந்தது. கிராணியார் அபராதம் கட்டினார், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். பாக்கியத்தை அநாதைப் பிள்ளைகள் விடுதி ஒன்றில் சேர்த்தார்கள். அந்தக் கை கடைசி வரைக்கும் நேராகவில்லை. பயந்தபடியே அந்தத் தெருவில் பாதி வீடுகள் எங்களுக்குத் துணி போடுவதை நிறுத்தின. ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது என் தகரப் பெட்டி வாசலில் இருந்தது.

வீராசாமி அண்ணன் பக்கத்திலேயே நின்றார்.

"போலீஸுக்குப் போனதுக்கு உன்னை அனுப்பல. போறதுன்னா அன்னிக்கே போயிருக்கணும். இல்ல, சட்டைய வெச்சிருக்கேன்னு எங்கிட்டயாவது சொல்லிருக்கணும். அதே மாதிரி ஒண்ணு தெச்சு மூட்டையில போட்டிருப்பேன்டா. எண்ணிக்க குறையாமப் பார்த்துக்கத் தெரியாத டோபி எனக்கெதுக்கு?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவன் தன்னை நல்லவன் என்றே நினைத்துக்கொள்கிறான். நானும் நினைத்தேன். அவசரப்படாதவன், நாலு பக்கமும் பார்க்கிறவன், ஒரு குடும்பத்தைக் கெடுக்க விரும்பாதவன்... நான் இப்படியெல்லாம் யோசித்த நாட்களை வேறு ஒருத்தி தன் உடம்பில் வாங்கிக்கொண்டிருந்தாள்.

கோவிந்தசாமி தம்பி, அந்தத் தகப்பன் கெட்டவன் இல்லை என்கிறீர்கள். இருக்கலாம். மோர் கொடுத்த அம்மாளையும் நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் ஆளுக்கு ஒருவேளை போலீஸ் தேவைப்படாது. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போதுமோ என்னவோ. அந்த வரிசையில் பலகை இடுக்கில் எட்டிப் பார்த்தவர் நீங்கள் ஒருவர் மட்டும்தானா? எட்டிப் பார்த்தவர்களில் எவர் வீட்டிலும் ஒரு பிள்ளை உட்கார இடம் இல்லையா? இருக்கிறதா இல்லையா என்று கதவைத் தட்டிக் கேட்டால்தான் தெரியும். கேட்டும் நடக்கவில்லை என்றால் ஸ்டேஷன் இருக்கிறது. கிழிந்த சட்டையோடும் போகலாம். நான் போய்ப் பார்த்துவிட்டேன்.

இதுதான் என் பதில். எழுதி முடித்துவிட்டேன்.

ஆனால் இன்று செவ்வாய்க்கிழமை. பத்திரிகை ஞாயிற்றுக்கிழமைதான் உங்கள் கைக்கு வரும். நடுவில் ஐந்து நாள். அந்தத் திங்கட்கிழமை சட்டையைப் பெட்டியில் வைத்ததற்கும் சனிக்கிழமை நான் பொய் சொன்னதற்கும் நடுவிலும் ஐந்து நாள்தான்.

அதனால் பேனாவை மூடிவிட்டுச் சுங்கை பினாங்குக்குக் கிளம்புகிறேன். முதலில் அந்தத் தகப்பனிடமா, நேரே ஸ்டேஷனுக்கா... அதை நடந்துகொண்டே யோசித்துக்கொள்ளலாம்.