உப்பிய டப்பா

முதியோர் இல்லத்தில் நாள் முழுக்கப் படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து, இடுப்பொடிந்து வீடு திரும்பினாள் மருமகள். சமையலறையில் மாமனார் பீன்ஸ் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கைக்கு எட்டுமென்று டப்பாக்களை அடுப்புக்கு மேலேயே அடுக்குவார். அந்தச் சூட்டில் பீன்ஸ் கெட்டு, இந்த டப்பாவின் மூடி உப்பியிருந்தது. திறந்ததும் புஸ்ஸென்று நுரை வந்தது.

கெட்டுவிட்டதா என்று பார்க்க, பழைய பழக்கத்தில் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனார். அவள் பாய்ந்து கையைத் தட்டிவிட்டாள்.

“ருசி பார்த்தாத்தானேம்மா தெரியும்?”

“இந்த விஷத்துக்கு ருசியே கிடையாது மாமா. உப்பின டப்பாவைத் திறக்கவே கூடாது.”

“தேதி இன்னும் இருக்கே!”

“அடுப்பு மேல வெச்சா தேதி என்ன பண்ணும்? உங்களையும் படுக்கையில புரட்டிப்போட எனக்குத் தெம்பில்ல.”

அவள் கையுறை மாட்டி, டப்பாவை இரண்டு பைகளுக்குள் கட்டி, சிந்தியதைத் துடைத்துவிட்டு நாற்காலியில் சரிந்தாள். மாமனார் மிச்ச டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கி, மூடியை அழுத்திப் பார்த்து, சூடு படாத கீழ் அலமாரியில் அடுக்கினார்.

“இது விளிம்புல நசுங்கியிருக்கும்மா. கொஞ்சம் ருசி...” என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் அதையும் குப்பைப் பையில் போட்டார்.