ஹெட்டியின் அட்டை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மேவிஸ் சக்டன் மடியில் பழைய துவாலையை விரித்துக்கொண்டு, கூண்டிலிருந்து ஒவ்வோர் எலியாக எடுத்துத் தடவிப் பார்க்கிறாள். தாடையின் கீழ் தொடங்கி, இரண்டு அக்குள்கள், வயிற்றின் இரு ஓரங்கள், தொடை இடுக்கு. ஓர் எலிக்கு நான்கு நிமிடம். இப்போது வீட்டில் இருப்பவை ஐந்து, ஐந்தும் பெட்டை. அவளுக்கு வயது அறுபத்து நான்கு. கீத்லி நகரத்துப் பள்ளிச் சமையலறையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவள். என் உடன்பிறந்த அக்காள்.

வளர்ப்பு எலியின் ஆயுள் இரண்டு ஆண்டு, மிஞ்சினால் இரண்டரை. ஒன்றரை ஆண்டு கடந்த பெட்டைகளுக்குக் கழலை வருவது வழக்கம். மேவிஸ் அதை அளக்கும் முறை தனி. பயறு, பட்டாணி, மொச்சை, அக்ரூட், முட்டை. "அங்குலக் கணக்கெல்லாம் டாக்டருக்கு. என் விரலுக்கு அடுப்படிச் சாமான்தான் தெரியும்" என்பாள். தோலுக்கடியில் வழுக்கி ஓடினால் கழலை; சூடாக, ஓரிடத்தில் பிடித்துக்கொண்டிருந்தால் சீழ். இந்தத் தீர்ப்புக்காக ஊரின் எலி வளர்ப்போர் அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்.

பேருந்து ஓட்டுநர் நார்மன் ஒருநாள் சட்டைக்குள் எலியோடு வந்து நின்றார்.

"கட்டி வந்துடுச்சுக்கா. நேத்துலேர்ந்து சாப்பாடே இறங்கல."

"யாருக்கு இறங்கல, உனக்கா, இதுக்கா?" மேவிஸ் எலியின் அக்குளை விரலால் உருட்டினாள். "இது கொழுப்பு. நீ குடுக்கற பிஸ்கட்டெல்லாம் இங்க வந்து உக்காந்திருக்கு. உன் வயித்துலயும் இதேதான் இருக்கு, அதை யாராச்சும் டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடறாங்களா?"

அவளுக்கு ஒரு விதி உண்டு: இரண்டு வயதுக்கு மேல் கத்தி இல்லை. ஆலிவ் என்ற எலியை இரண்டு வயது இரண்டு மாதத்தில் அறுவைக்குக் கொடுத்தாள்; அது மயக்கத்திலிருந்து எழவில்லை. காலணிப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அன்று உண்டான விதி. இன்று அந்த வட்டாரத்தில் பலரும் அதை அவள் பெயரைச் சொல்லியே கடைப்பிடிக்கிறார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எலிகளுக்கு எங்கள் குடும்பத்தில் இறந்துபோன பெண்களின் பெயர்களையே வைப்பாள். ஓர் எலி இறந்தால் அதன் பெயர் அடுத்து வரும் குட்டிக்குப் போகும். பெயரும் பிறந்த தேதியும் எழுதிக் கூண்டில் தொங்கும் அட்டையும் கூடவே போகும். எங்கள் கொள்ளுத் தாத்தா ஈனக், குழந்தையிலேயே இறந்த தம் அண்ணன் பெயரைச் சுமந்தவர். தேவாலயப் பதிவேட்டில் அண்ணன் பிறந்த நாளே அவர் பிறந்த நாளாகி, குடும்ப வம்சாவளியைத் தொகுக்கும் எனக்கு அந்தப் பிழையைத் திருத்த இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதைச் சொல்லி, அட்டைகளில் எண்ணாவது போடு என்றேன்.

"எலிக்கு என்ன ராஜா பட்டமா, ஒண்ணாவது ரெண்டாவதுன்னு நம்பர் போட?"

சென்ற ஆண்டு மே மாதம் ஹெட்டியின் இடது அக்குளில் மொச்சை அளவு கழலை. நான்தான் காரில் அழைத்துச் சென்றேன். மருத்துவர் இளம்பெண், கழலையை இரு விரல்களால் நகர்த்திப் பார்த்தாள்.

"நல்லா நழுவுது. சுலபமா எடுத்துடலாம். வயசு என்னம்மா?"

மேவிஸ் கையோடு கொண்டுவந்த அட்டையைப் பார்த்தாள். "ரெண்டு வருஷம், ஒரு மாசம்."

"அவ்வளவு தெரியலையே. பின்னங்கால்ல நல்ல பலம் இருக்கு."

"நான் வளக்கற விதம் அப்படி" என்றாள் மேவிஸ். அந்தப் பெருமை அவள் முகத்தில் வீடு வரும்வரை இருந்தது. வந்ததும் அட்டையில் அன்றைய தேதியையும் வயதையும் எழுதி, அதன் கீழே "மொச்சை. கத்தி வேண்டாம்" என்று எழுதினாள்.

பிறகு எட்டு வாரங்கள். கழலை அக்ரூட் ஆயிற்று, முட்டை ஆயிற்று. மேவிஸ் கூண்டின் மேல்தட்டுகளைக் கழற்றினாள். தரையில் கம்பளித் துண்டுகளைப் பரப்பினாள். ஓட்ஸ் கஞ்சியை விரல்நுனியில் எடுத்து ஊட்டினாள். ஹெட்டி ஒரு பக்கம் மூட்டை சுமக்கும் ஆள்போல் சாய்ந்து நடக்கப் பழகியது. தோல் வெடித்த அன்று ஊசி போட்டு முடித்தார்கள்.

எலி இறந்தால், குட்டி கொடுத்தவருக்கு வயதும் காரணமும் சொல்லவேண்டும்; வம்சத்தில் கழலை எப்போது வருகிறது என்று அவர்கள் குறித்துவைப்பார்கள். அடுத்த ஞாயிறு, மடியில் எலி இருந்ததால் கைபேசியின் ஒலிபெருக்கியைத் திறந்துவைத்துக்கொண்டே மேவிஸ், கோல்ன் ஊரின் பெரில் லோமாக்ஸிடம் சொன்னாள்: "ஹெட்டி போயிட்டா. கழலை. ரெண்டு வருஷம் மூணு மாசம்."

"எந்த ஹெட்டிடி?"

"எத்தனை ஹெட்டி இருக்கு?"

"ஏப்ரல்ல பொறந்தவ ஏழாம் மாசமே நெஞ்சுச் சளியில போயிட்டாளே. இவ அக்டோபர் ஒம்பதாம் தேதி பொறந்த குட்டி. பனி கொட்டின அன்னிக்கு நீதானே வந்து தூக்கிட்டுப் போனே."

பெரில் இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் தானே வைத்துவிட்டாள். மேவிஸின் விரல்கள் மடியிலிருந்த எலியின் தொடை இடுக்கைத் தடவி முடித்தன. பிறகு எதிரே உட்கார்ந்திருந்த என்னைக் கேட்டாள்.

"மொத ஹெட்டிக்குக் குழி தோண்டினது யாரு?"

"நான்தான்."

"தேதி எழுதி வெச்சிருப்பியே."

"நவம்பர் இருபது."

"டாக்டர் வயசு கேட்டப்போ நீ எங்க இருந்த?"

"பக்கத்து நாற்காலியில."

"செத்த சனத்தோட கணக்கையெல்லாம் சரியா வெச்சிருக்க, தம்பி."

மீதி எலிகளையும் பார்த்தாள். ஒன்றையும் விடவில்லை, ஒன்றுக்கும் நிமிடத்தைக் குறைக்கவில்லை. கைகளைக் கழுவித் துடைத்தாள். மேசை இழுப்பறையிலிருந்து ஹெட்டியின் அட்டையை எடுத்து, அக்டோபர் ஒன்பதிலிருந்து டாக்டரைப் பார்த்த நாள்வரை விரல்விட்டு இரண்டு முறை எண்ணினாள். "கத்தி வேண்டாம்" என்பதை அடிக்கவில்லை. அதற்கு மேலிருந்த வயதை மட்டும் ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் எழுதினாள்.

ஒரு வருடம், ஏழு மாதம், ஐந்து நாள்.